பெயரும் பொருளும்: வேதியியற் சொற்கள் கடந்துவந்த பாதை

ஒன்றுக்குப் பெயரிட்டுவிட்டால் அதனை அறிந்துகொண்டுவிட்டோம் என்று எண்ணுவது மனித இயல்பு. கவிஞரும் பெயரிடுகின்றனர்; அறிவியலாரும் பெயரிடுகின்றனர். கவிஞர் நிலவை முகம் என்றால், முகத்தில் ஏரியும் மலையும் உண்டோ என்று எவரும் கேட்பதில்லை. அறிவியலார் இட்ட பெயர் பிழைபட்டால் நிலைமை வேறு. அப்பிழை பாடநூலில் ஏறுகிறது. மாணவர் நாவில் பதிகிறது. அதனைக் கூறியவர் மறைந்து இரு நூற்றாண்டுகள் சென்ற பின்னும் வகுப்பறையில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. வேதியியலின் வரலாறு இதற்குத் தக்க சான்று. எரிதல், அமிலம், வெப்பம், பிணைப்பு என்னும் நான்கும் பள்ளி மாணவர் அன்றாடம் எழுதும் சொற்கள். இவற்றின் பின்னே நிகழ்ந்த நெடிய கருத்துப் போரையும், அச்சொற்கள் தமிழுக்கு வந்து சேர்ந்த வகையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எரிதலுக்கு இட்ட பெயர்

விறகு எரிகிறது, சாம்பல் எஞ்சுகிறது. சாம்பலின் எடை விறகின் எடையினும் மிகக் குறைவு. ஆகவே எரியும்போது விறகிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று கருதுவது கண்கண்ட காட்சிக்குப் பொருந்துவதே. 17ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் பெச்சர், எரியும் பொருள்களுள் கொழுப்புத் தன்மை வாய்ந்த ஒருவகை மண் உறைவதாகக் கூறினார். அவர் வழிவந்த ஸ்டால், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு 'ஃபுளோஜிஸ்டன்' என்று பெயரிட்டார். எரிதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். மூடிய கலத்துள் விளக்கு அணைவது ஏன்? வெளிவந்த ஃபுளோஜிஸ்டனால் காற்று நிறைந்துவிட்டது. இனி ஏற்க அதற்கு இடமில்லை. இவ்வாறு அக்காலத்தார் விடை கூறினர். கேட்போர்க்கு அவ்விடை நிறைவளித்தது.

ஓர் இடர் மட்டும் தீராது நின்றது. உலோகத்தைக் காற்றில் நெடுநேரம் சுட்டால் அது நீறாகிறது. சித்த மருத்துவர் பற்பம் செய்யும் முறையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அந்நீற்றின் எடை, சுடுவதற்கு முன்னிருந்த உலோகத்தின் எடையினும் மிகுகிறது. ஒன்று வெளியேறிய பின் எடை கூடுவது எங்ஙனம்? ஃபுளோஜிஸ்டனுக்கு எதிர்மறை எடை உண்டு என்று கூறவும் சிலர் துணிந்தனர். பெயரைக் காப்பாற்றும் பொருட்டு எடையையே திரித்துக் கூறும் நிலை ஏற்பட்டது.

1774ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி, பாதரசத்தின் செந்நிற நீற்றின்மீது பெரிய ஆடி ஒன்றால் கதிரவன் ஒளியைக் குவித்துக் காய்ச்சினார். வெளிவந்த வளியில் மெழுகுவர்த்தி மிக்க ஒளியுடன் எரிந்தது. சுவீடன் நாட்டு ஷீலே அவ்வளியினை அவருக்கு முன்னரே பெற்றிருந்தார். எனினும் அவரது நூல் 1777இல்தான் வெளிவந்தது. பிரீஸ்ட்லி தாம் கண்டதற்கு இட்ட பெயர் 'ஃபுளோஜிஸ்டன் நீங்கிய காற்று' என்பது. புதிய பொருள் கைக்கு வந்துவிட்டது. பழைய பெயரோ அதனைக் காணவிடாது மறைத்தது. பிரீஸ்ட்லி 1804இல் மறையும்வரை அக்கொள்கையைக் கைவிடவில்லை.

1787: பெயர் சூட்டிய ஆண்டு

1774 அக்டோபரில் பாரிசு சென்ற பிரீஸ்ட்லி, ஒரு விருந்தில் தம் ஆய்வினை லவாய்சியரிடம் எடுத்துரைத்தார். துலாக்கோலை நம்பியவர் லவாய்சியர். எரிதல் என்பது ஒன்று வெளியேறுவதன்று. காற்றின் ஒரு பகுதி எரிபொருளோடு சேர்வதே எரிதல் என்று அவர் நிறுவினார். நீற்றின் எடை கூடியதற்குக் காரணம் கிடைத்தது. விறகு எரிகையில் விளையும் வளிகள் கண்ணுக்குப் புலனாகாமல் காற்றில் கலந்துவிடுகின்றன. அவற்றையும் சேர்த்து நிறுத்தால் எடை குறையவில்லை, கூடியே இருக்கிறது.

கொள்கை மாறினால் மொழியும் மாறவேண்டும் என்பதை லவாய்சியர் தெளிவாக உணர்ந்தார். அதுவரை வேதியியலில் வழங்கிய பெயர்கள் பல, 'ஆண்டிமனி வெண்ணெய்', 'துத்தநாகப் பூ', 'கந்தக ஈரல்' என்றாற்போல நிறத்தையும் வடிவத்தையும் ஒட்டி எழுந்தவை. நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் இத்தகைய பெயர்கள் உண்டு. மயில்துத்தம், அன்னபேதி என்னும் இரண்டும் கேட்க இனிய பெயர்கள். ஆயினும் இவ்விரண்டும் ஒரே குடும்பத்து உப்புகள் என்பதை அப்பெயர்கள் உணர்த்துவதில்லை. காப்பர் சல்ஃபேட், இரும்பு சல்ஃபேட் என்றவுடன் உறவு விளங்கிவிடுகிறது.

கீட்டன் தெ மொர்வோ என்பார் 1782இல் இச்சீர்திருத்தத்தைத் தொடங்கினார். 1787இல் அவரும் லவாய்சியரும் பெர்த்தொலே, ஃபூர்க்ருவா என்னும் இருவருடன் கூடி, வேதியியற் பெயரிடு முறை பற்றிய நூலை வெளியிட்டனர். அம்முறையைத் தமிழ் இலக்கணம் பயின்றோர் எளிதில் உணரலாம். தனிமத்தின் பெயர் பகுதி. சேர்க்கையின் தன்மையைக் காட்டுவது விகுதி. சல்ஃபேட் என்பதும் சல்ஃபைட் என்பதும் ஒரே பகுதியுடையன. விகுதி வேறுபாடு ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டைக் காட்டுகிறது. பகுபதத்தைப் பிரித்தறிவது போலவே பொருளின் பெயரையும் பிரித்து, அதன் உறுப்புகளை அறியும் வழி பிறந்தது.

1789இல் லவாய்சியரின் வேதியியல் தொடக்க நூல் வெளிவந்தது. பெயரிடுதல் பற்றி மட்டும் எழுதப் புகுந்ததாகவும், அது தம்மையறியாமலே வேதியியல் நூலாக விரிந்துவிட்டதாகவும் அதன் முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். மொழியைத் திருத்தாமல் அறிவியலைத் திருத்த இயலாது. அறிவியலைத் திருத்தாமல் மொழியையும் திருத்த இயலாது என்பது மெய்யியலார் கொந்தியாக் வழியாக அவர் கொண்ட கருத்து. மொழியை உயிரெனப் போற்றுவோர் நினைவிற்கொள்ள வேண்டிய முன்னுரை அது. அந்நூலின் 13 படத்தகடுகளையும் வரைந்தவர் அவருடைய துணைவியார் மரி ஆன் பால்சு. ஃபுளோஜிஸ்டன் கொள்கையை ஆதரித்து ஆங்கிலத்தில் கிர்வான் எழுதிய நூலைப் பிரெஞ்சில் பெயர்த்து, மறுப்புரைகளுடன் வெளிவரச் செய்தவரும் அவ்வம்மையாரே. வரி வசூல் நிறுவனத்தில் பங்குகொண்டிருந்த காரணத்தால், பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 மே 8ஆம் நாள் லவாய்சியர் தலை வெட்டுண்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது 50.

புளிப்பில் நேர்ந்த பிழை

பிறர் பெயர்களைத் திருத்திய லவாய்சியரே தம் பெயரொன்றில் பிழைபட்டார் என்பது வரலாற்றின் விந்தை. எரிதலுக்குத் துணைநிற்கும் வளிக்கு அவர் இட்ட 'ஆக்சிஜன்' என்னும் பெயர், கிரேக்க மொழியில் 'புளிப்பை உண்டாக்குவது' எனப் பொருள்படும். கந்தகத்தையும் பாசுவரத்தையும் எரித்துப் பெற்றவை நீரிற் கரைந்து அமிலங்களாயின. ஆதலின், அமிலம் அனைத்திலும் இவ்வளி உண்டு என்று அவர் முடிவு செய்தார். உப்பிலிருந்து பெறும் அமிலம் அம்முடிவுக்கு உட்படவில்லை. அதில் எவ்வளவு தேடியும் ஆக்சிஜன் கிடைக்கவில்லை. பெயரை நம்பியவர்களோ, அது எங்கோ ஒளிந்திருக்கிறது என்றே கொண்டு தேடினர்.

1810இல் ஆங்கில அறிஞர் டேவி இச்சிக்கலைத் தீர்த்தார். உப்பமிலத்தில் இருப்பவை ஹைட்ரஜனும் மற்றொரு தனிமமுமே. ஆக்சிஜன் அறவே இல்லை. அத்தனிமத்திற்குப் பெயரிடுகையில் டேவி மேற்கொண்ட எச்சரிக்கை போற்றத்தக்கது. எந்தக் கொள்கையையும் பெயருள் ஏற்றாமல், அவ்வளியின் வெளிர்பச்சை நிறம் ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு 'குளோரின்' என்றார். கொள்கை நாளை மாறலாம், நிறம் மாறாது. ஆக்சிஜன் என்னும் பெயரோ பிழையென்று தெரிந்த பின்னும் மாற்றப்படவில்லை. இன்றும் உலகம் அதனையே வழங்குகிறது. வழக்கு ஏற்றுக்கொண்ட சொல், காரணம் அழிந்த பின்னும் இடுகுறியாய் நிலைத்துவிடும் என்னும் மொழியியல் உண்மைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

வெப்பம் ஒரு பொருளா?

வெப்பத்தின் கதை இதனினும் சிக்கலானது. 1760களில் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த பிளாக், பனிக்கட்டி உருகுவதை ஆராய்ந்தார். வெப்பத்தைத் தொடர்ந்து அளித்தும், பனிக்கட்டி முழுவதும் உருகி முடியும்வரை வெப்பமானியின் அளவு ஏறவில்லை. 0 டிகிரி செல்சியசில் உள்ள 1 கிராம் பனிக்கட்டி, அதே வெப்பநிலையில் உள்ள நீராக மாறுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பம் 1 கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு உயர்த்தப் போதுமானது. வெப்பமானிக்குப் புலப்படாது மறைந்துபோகும் இவ்வெப்பத்தைப் பிளாக் 'மறைந்துறையும் வெப்பம்' எனக் குறித்தார். வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு என்னும் வேறுபாடு அன்று தெளிவாயிற்று.

வெப்பம் என்பது யாது? அது நுண்ணிய நீர்மமா, துகள்களின் இயக்கமா? 1783இல் லவாய்சியரும் லாப்லாசும் இணைந்து எழுதிய ஆய்வுரை இரு கருத்துகளையும் எடுத்துக்கூறி, எதனையும் முடிந்த முடிபாகக் கொள்ளாமல் நின்றது. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1787இல் வெப்பப் பொருளுக்குக் 'கலோரிக்' என்று பெயரிடப்பட்டது. 1789ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்ற 33 தனிப்பொருள்களின் பட்டியலில் ஒளியும் கலோரிக்கும் முதலிடம் பெற்றன. ஆய்வு தீர்க்காத வினாவைப் பெயர் தீர்த்துவிட்டது போன்ற தோற்றம் ஏற்பட்டது.

அத்தோற்றத்தைக் குலைத்தவர் ரம்ஃபோர்டு. பவேரியாவின் பணியில் இருந்த அவர், மியூனிக் நகரில் பீரங்கிக் குழல் குடைவதை மேற்பார்த்தார். மழுங்கிய துளைகருவியைக் குதிரை கொண்டு சுழற்றி, குழலைச் சுற்றி நீரை நிறுத்தி அவர் செய்த ஆய்வில், இரண்டரை மணி நேரத்தில் தீயே இன்றி நீர் கொதித்தது. உராயுந்தோறும் வெப்பம் எழுந்துகொண்டே இருந்தது. குறையாது சுரக்கும் ஒன்று பொருளாக இருத்தல் இயலாது. அது இயக்கமாகவே இருத்தல் வேண்டும் என்று 1798இல் அவர் வாதிட்டார். சில ஆண்டுகளின் பின் லவாய்சியரின் துணைவியாரை இவரே மணந்தார். கலோரிக்கைப் பெயரிட்டவரின் வீட்டுக்குள் அதனை மறுத்தவர் புகுந்தார். அம்மணவாழ்வு நீடிக்கவில்லை, 1809இல் இருவரும் பிரிந்தனர்.

1840களில் ஜூல், கீழிறங்கும் எடையால் துடுப்புகளைச் சுழற்றி நீரைக் கலக்கி, அதன் வெப்பநிலை உயர்வை நுட்பமாக அளந்தார். ஒரு கலோரிக்கு ஏறத்தாழ 4.18 ஜூல் வேலை ஈடாகும் என்று இன்று கணக்கிடப்படுகிறது. கலோரிக் மறைந்தது, கலோரி என்னும் அலகு நின்றது. மொழியில் இன்றும் வெப்பம் 'பாய்கிறது'. உலையிலிட்ட கரண்டியின் காம்பு சுடுவதைக் கடத்தல் என்கிறோம். அங்குத் துகள்கள் தத்தம் இடத்திலேயே நின்று அதிர்வைக் கைமாற்றுகின்றன. உலைநீர் கீழிருந்து மேலெழுந்து சுழல்வதைச் சலனம் என்கிறோம். அங்குச் சூடேறிய நீரே இடம்பெயர்கிறது. கதிரவனின் வெப்பம் வெற்றிடத்தைக் கடந்து வருவது கதிர்வீசல். இம்மூன்றனுள் எதிலும் 'வெப்பம்' எனத் தனிப்பொருள் ஒன்று பயணம் செய்யவில்லை. ஆயினும் பாய்தல் என்னும் வினைச்சொல்லை விடுத்து இதனைக் கற்பிக்க இயலாதவராய் இருக்கின்றோம்.

நாட்டமும் பிணைப்பும்

பொருள்கள் ஏன் கூடுகின்றன? 1718இல் பிரான்சின் ஜெஃப்ருவா, எப்பொருள் எப்பொருளோடு மிக விரும்பிச் சேரும் என்பதை அட்டவணையாக்கி, அதற்கு 'உறவு' என்னும் பொருள்தரும் சொல்லை வழங்கினார். 1775இல் சுவீடன் நாட்டு பெர்க்மன், சேர்ந்திருக்கும் இணையை மூன்றாவது பொருளொன்று பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்வதைத் 'தேர்ந்துகொள்ளும் ஈர்ப்பு' என்றார். இச்சொல் செருமானிய மொழியில் 'தேர்ந்த உறவு' எனப் பெயர்க்கப்பட்டது. கவிஞர் கதே அதனையே தலைப்பாக்கி 1809இல் ஒரு புதினம் எழுதினார். கணவனும் மனைவியும் வாழும் இல்லத்திற்கு வேறு இருவர் வந்து சேர, நால்வர் உள்ளங்களும் இடம்மாறித் துயரில் முடிவதே அக்கதை. மனித உறவிலிருந்து வேதியியல் கடன்பெற்ற உருவகத்தை இலக்கியம் மீட்டுக்கொண்டு, மனிதனுக்குத் தேர்வு உண்டா, விதி உண்டா என்று வினவியது.

'பிணைப்பு' என்பதற்கு நேரான சொல்லை ஆங்கிலத்தில் 1866இல் நிலைபெறச் செய்தவர் ஃபிராங்லண்டு. அணுக்களுக்கிடையே கோடு வரைந்து காட்டும் முறை அப்போது பரவிவந்தது. முந்திய ஆண்டில் ஹாஃப்மன், பந்துகளைக் கோல்களால் இணைத்து இலண்டன் மேடையில் மூலக்கூறு உருக்களைக் காட்டியிருந்தார். அவற்றைக் கண்டோர் அணுக்களுக்கிடையே மெய்யாகவே கோல் உண்டு என்று கொள்ளக்கூடும் அன்றோ? ஆகவே இச்சொல்லால் பருப்பொருளான கட்டு எதனையும் தாம் குறிக்கவில்லை என்று ஃபிராங்லண்டு அன்றே எழுதிவைத்தார். 1916இல் லூயிஸ், இரு அணுக்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் எலக்ட்ரான் இணையே பிணைப்பு என விளக்கினார். 1939இல் வெளிவந்த பாலிங்கின் நூல் அதனைக் குவாண்டம் கொள்கையோடு பொருத்தி விரித்துரைத்தது.

இங்கும் சொல் தரும் மயக்கம் ஒன்றுண்டு. பிணைப்பை உடைத்தால் உள்ளே அடைபட்ட ஆற்றல் வெளிப்படும் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. பிரிப்பதற்கு ஆற்றல் வேண்டும், சேரும்போதுதான் ஆற்றல் வெளிப்படும். ஹைட்ரஜன் எரிந்து நீராவியாதலை நோக்குக. 2 மோல் ஹைட்ரஜனைப் பிரிக்க 872 கிலோஜூலும், 1 மோல் ஆக்சிஜனைப் பிரிக்க 498 கிலோஜூலும், ஆக 1370 கிலோஜூல் செலவாகின்றன. புதிதாய் அமையும் பிணைப்புகள் 4 மோல். மோல் ஒன்றுக்கு 463 வீதம் அவை தருவது 1852 கிலோஜூல். மிகுதியான 482 கிலோஜூலே சுடராகவும் சூடாகவும் தோன்றுகிறது. பிரிவுக்குச் செலவு, கூடலுக்கு வரவு. எரிபொருளுக்குள் மட்டுமே நெருப்பு அடைபட்டுக் கிடக்கிறது என்னும் எண்ணம், ஸ்டாலின் ஃபுளோஜிஸ்டன் வேறு வடிவில் உயிர்வாழ்வதன்றி வேறில்லை.

தமிழுக்கு வந்த சொற்கள்

இச்சொற்கள் தமிழுக்கு வந்த வரலாறு நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீன் (1822-1884), மருத்துவ நூல்களோடு வேதியியலையும் தமிழாக்கும் முயற்சியை முன்னின்று நடத்தினார். அவ்வழி 1875இல் வெளிவந்த நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. அயற்சொல்லைத் தமிழ் ஈறு தந்து ஏற்றுக்கொண்ட பெயர் அது. 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல் ஆக்கத்துக்கென ஒரு சங்கம் கண்டனர். பாரதியார் அம்முயற்சியை வரவேற்று எழுதினார். தமிழ்ச்சொல் ஆக்கும் அவ்விதழ் ஆங்கிலத்தில் வெளிவருவதைக் குறையாகவும் சுட்டினார். பின்னாளில் இராசகோபாலாச்சாரியாரே 'திண்ணை இரசாயனம்' எழுதி, எளியோர்க்கும் வேதியியலைத் தமிழில் சொல்ல முடியும் எனக் காட்டினார். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் துறைதோறும் சொற்களைத் தொகுத்து, 1938இல் 'கலைச்சொற்கள்' என்னும் நூலாக்கினர். 1940இல் அரசு அமைத்த குழு ஒலிபெயர்ப்புக்கே பெரிதும் இடந்தந்தபோது தமிழறிஞர் எதிர்த்தெழுந்தனர். சொல் ஒன்றன் வடிவுக்காக மேடைதோறும் வழக்காடிய காலம் அது.

அவ்வழக்காட்டின் பயன் இன்றைய பாடநூல்களில் தெரிகிறது. ஆக்சிஜனை முன்னோர் பிராணவாயு என்றனர். பின்வந்தோர் உயிர்வளி என்றனர். மூச்சை நோக்கிப் பெயரிட்டமையால் லவாய்சியரின் புளிப்புப் பிழை தமிழில் நேரவில்லை. எனினும் அவ்வளி பட்டால் மடியும் நுண்ணுயிர்களும் உலகில் உள. உயிர்வளி என்னும் பெயரும் முழு உண்மையைத் தாங்கவில்லை. வேதியியல் என்னும் பெயரோ, ஒன்றை மற்றொன்றாக மாற்றுதலைக் குறிக்கும் வேதித்தல் என்னும் பழஞ்சொல்லை அடியாகக் கொண்டது. இரும்பைப் பொன்னாக்க முயன்றோரின் சொல், பொன்னாக்க இயலாமைக்குக் காரணம் கூறும் துறைக்குப் பெயராயிற்று.

பிளாக் கண்ட வெப்பத்திற்கு இலங்கைப் பாடநூல்கள் 'மறைவெப்பம்' என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'உள்ளுறை வெப்பம்' என்கின்றன. சங்கப் பாடலில் வெளிப்படையாகக் கூறாது கருப்பொருளுள் அமைத்துவைக்கும் பொருளை உள்ளுறை என்பது தமிழ் மரபு. அகப்பாட்டின் கலைச்சொல், பனிக்கட்டி உருகுதலை விளக்க வந்து அமைந்த பொருத்தம் வியத்தற்குரியது. வெப்பமானியில் தோன்றாவிடினும், பனிக்கட்டியை நீராக்கியது அவ்வெப்பமே. பாட்டின் மேற்பரப்பில் தோன்றாவிடினும், பாட்டைப் பாட்டாக்குவது உள்ளுறையே. வெறும் ஒலிபெயர்ப்பு மாணவனுக்கு இந்நெருக்கத்தைத் தந்திராது.

நிறைவாக

ஃபுளோஜிஸ்டன் மாண்டது. கலோரிக் மாண்டும் அதன் வழித்தோன்றலான கலோரி வாழ்கிறது. ஆக்சிஜன் பிழையோடு நிலைத்தது. குளோரின் கொள்கை சுமக்காமையால் இடரின்றி நின்றது. பிணைப்பு, தன்னைப் படைத்தவரின் எச்சரிக்கையோடு பிறந்தது. ஆகவே ஒரு சொல்லிடம் முழு உண்மையையும் எதிர்பார்த்தல் ஆகாது. அச்சொல் எவ்வளவு கூறுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துக் கற்பித்தலே முறை. புதிய துறைகள் நாள்தோறும் பெருகிவரும் இக்காலத்தில் சொல்லாக்கப் பணி முடிவடையவில்லை. அப்பணியில் அறிவியலார்க்குத் துணைநிற்கக் கவிஞரும் புலவரும் முன்வருதல் வேண்டும். உள்ளுறை என்னும் ஒரு சொல்லுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கவிதையில் விடை கிடைத்தது போல, இன்னும் பெயர் பெறாத பொருள்கள் பலவற்றுக்கும் நம் ஏடுகளில் சொற்கள் காத்திருக்கக்கூடும். கரும்பலகையில் இரு அணுக்களுக்கிடையே ஆசிரியர் கோடு ஒன்று வரைந்து, பிணைப்பு என்று எழுதி, 'இங்கே கோடு எதுவும் இல்லை' என்று சொல்லும் வகுப்பில், அச்சொற்கள் தம் பயனை எய்தும்.